போர்ஷே 944: டர்போவா, டர்போ இல்லாததா?

1980-களின் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே 944-ஐ வாங்குவதென்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். டர்போ இல்லாத சாதாரண 944 போதுமா, அல்லது கூடுதலாகச் செலவழித்து 944 டர்போவையே வாங்கிவிடலாமா என்பதுதான் அந்தத் தயக்கம். காகிதத்தில் பார்த்தால் தயங்குவதற்கு ஒன்றுமே இல்லை. ஐரோப்பியச் சந்தைக்கான 2.5 லிட்டர் சாதாரண 944 தருவது 163 குதிரைத்திறன். 1985-இல் வெளிவந்த டர்போ தருவது 220. முன்னது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எட்டரை நொடி அளவில் எடுத்துக்கொள்ள, பின்னது ஆறே கால் நொடியில் அதை எட்டிவிட்டு, 245 கிலோமீட்டர் வரை போகிறது. பணம் இருப்பவர் டர்போவையும், இல்லாதவர் சாதாரணக் காரையும் வாங்க வேண்டியதுதானே என்று தோன்றும்.

சாதாரண 944 ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். நெருங்கிய நண்பர் ஒருவரின் டர்போவை அடிக்கடி ஓட்டியும் இருக்கிறேன். அதனடியில் படுத்து வேலை பார்த்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், மேற்சொன்ன கணக்கு தவறான இடத்தில் தொடங்குகிறது. சாதாரணக் காருடன் 57 குதிரைத்திறனைக் கூட்டினால் டர்போ வந்துவிடாது. வெப்பத்தைச் சமாளிப்பதற்காகப் பல முக்கியப் பாகங்கள் மாற்றி அமைக்கப்பட்ட வேறொரு கார் அது. ஆகவே எவ்வளவு திறன் வேண்டும் என்று கேட்பதைவிட, அந்த வெப்பத்தையும் அதற்கான பராமரிப்பையும் ஏற்கத் தயாரா என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தின் முதல் கார் 924. ஃபோக்ஸ்வாகனுக்காக இஏ425 என்ற திட்டப் பெயரில் வடிவமைக்கப்பட்டு, பிறகு போர்ஷேயே திரும்ப எடுத்துக்கொண்ட கார் அது. அதிலிருந்து வளர்ந்த 944, 1982 மாடலாக வெளிவந்தது. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், இரண்டையும் இணைக்கும் நீண்ட டார்க் டியூப் நடுவில் என்ற அமைப்பினால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. போர்ஷேயின் இன்னொரு காரான 928-இன் வி8 எஞ்சினில் பாதியை எடுத்ததுபோன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின் என்று இதைச் சொல்வார்கள். கருத்தளவில் அது சரிதான். சிலிண்டர் விட்டம் 100 மில்லிமீட்டர் என்பதால் இத்தனை பெரிய பிஸ்டன்களின் அதிர்வை அடக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்கள் தேவைப்பட்டன; அந்தத் தொழில்நுட்பத்துக்கு மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றார்கள். உடலின் எஃகுத் தகடுகள் துத்தநாகப் பூச்சுப் பெற்றவை. வளைவில் கார் எவ்வளவு நிதானமாகத் திரும்புகிறது என்பதிலோ, இருக்கையில் உட்காரும் விதத்திலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அந்தச் சுகத்துக்காகத்தான் 944 வேண்டும் என்பவர் இந்த இடத்திலேயே சாதாரணக் காரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேற்கொண்டு படிக்காமல் இருந்தாலும் தவறில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்போவின் ஒருபக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோல் எரியும், அதிகத் திறன் கிடைக்கும். ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான கலவை, பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் வரை காத்திராமல் ஆங்காங்கே தானே வெடிக்கத் தொடங்கினால், அதாவது நாக்கிங் ஏற்பட்டால், பிஸ்டன் உடைந்து போகலாம். இதற்கு முந்தைய தலைமுறை டர்போ கார்கள் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற அளவை) வெகுவாகக் குறைத்துத் தப்பித்தன: 1973-இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் 6.9, 1975-இன் போர்ஷே 911 டர்போவில் 6.5. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அவற்றில் இல்லை. அதனால்தான் டர்போ விழித்துக்கொள்ளும் வரை அந்தக் கார்கள் சோம்பிக் கிடந்து, பிறகு திடீரென்று முதுகில் குத்தியதுபோலப் பாய்ந்தன. 944 டர்போவில் இந்த விகிதம் 8.0. சாதாரண ஐரோப்பிய 944-இன் 10.6 உடன் ஒப்பிட்டால் இது குறைவுதான் என்றாலும், பத்தாண்டுகளுக்குள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

அந்த முன்னேற்றத்துக்கு அவர்கள் செய்த வேலைகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை. அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்கள், இன்டர்கூலர், நாக்கிங்கை உணரும் சென்சார், அதைக் கவனிக்கவும் பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தைக், கட்டுப்படுத்தவும் தனியாக ஒரு மின்னணுப் பெட்டி ஆகியவை ஒருபுறம். மறுபுறம், சிலிண்டர் ஹெட்டில் வாயு வெளியேறும் வழிகளுக்குப் பீங்கான் உறை போட்டார்கள். வாயுவின் வெப்பம் கூலன்ட்டில் கலந்து வீணாகாமல் டர்போவுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். வாயு எஞ்சினின் வலப்பக்கம் வெளியேறுகிறது. டர்போவோ இடப்பக்கம், இன்டேக் குழாய்களுக்குக் கீழே இருக்கிறது. எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து விலக்கி வைப்பதற்காக, எஞ்சினுக்கு அடியில் ஒரு குழாயைக் குறுக்கே கொண்டுபோய் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். டர்போவின் உடலைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் சிறிது நேரம் அதை ஓடவைக்க ஒரு மின்சார பம்ப்பும் இருக்கிறது. ஆயில் கூலர்கூட வேறு. சாதாரணக் காரில் ஆயிலைக் கூலன்ட் குளிர்விக்கிறது. டர்போவில் முன்புறக் காற்று குளிர்விக்கிறது. வலுவான கிளட்ச், நான்கு பிஸ்டன் பிரேக் கேலிப்பர்கள் என்று இந்தப் பட்டியல் சக்கரம் வரை நீளும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 220 குதிரைத்திறன் தரும்படி அமைத்ததும் அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

இவ்வளவையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண 944-ஐ மலிவாக வாங்கி, பிறகு ஒரு டர்போவை மாட்டிக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேலே சொன்ன பாகங்களில் எதை விட்டுவிட முடியும் என்று அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். முழு டர்போ கார் ஒன்றை வாங்குவதே அதைவிடச் சிக்கனம்.

ஓட்டும்போது இந்த வேறுபாடு எப்படித் தெரிகிறது? டர்போவை மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், முதலில் நடப்பது மிகக் குறைவு. கம்ப்ரஷன் குறைவு, எடையும் சாதாரணக் காரைவிட ஏறத்தாழ 100 கிலோ அதிகம் என்பதால், அந்த நேரத்தில் கார் சற்று மந்தமாகவே இருக்கும். ஆர்பிஎம் முள் 3,000-ஐ நெருங்கும்போது இன்டேக் பக்கத்திலிருந்து மெல்லிய சீறல் ஒன்று கேட்கத் தொடங்குகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் உண்மையான இழுப்பு வருகிறது. 3,500 ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசை, 330 நியூட்டன் மீட்டர். சாதாரணக் காரின் உச்ச அளவே 205தான் என்பதை நினைத்தால், அடுத்த சில நொடிகளில் இருக்கையின் முதுகு ஏன் நம்மைத் தள்ளுகிறது என்பது புரியும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இந்த இடைவெளியை மனத்தில் வைத்து, திறன் தேவைப்படும் இடத்துக்கு முன்பே காலை அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் அதுவே ஒரு விளையாட்டாகிவிடுகிறது. பழக விரும்பாதவருக்கு அது தீராத எரிச்சல்.

சாதாரணக் காரில் காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே இந்தக் காத்திருப்பு இல்லை. அழுத்திய அளவுக்கு உடனே பதில் கிடைக்கிறது. பதில் சிறியது, அவ்வளவுதான். பொதுச் சாலையில் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர்களை முழுமையாகப் பயன்படுத்தி ஓட்டும் வாய்ப்பு இந்தக் காரில் அடிக்கடி கிடைக்கிறது. டர்போவில் அதே ஆனந்தத்தைத் தேடினால் வேகமானியைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் என்பதாலேயே இது உயர்ந்த ஆர்பிஎம்மில் பாடும் என்று சிலர் எழுதுவதை நம்ப வேண்டாம். அது வேறு கார்களின் எஞ்சின்களுக்குப் பொருந்தும் பாராட்டு. எட்டு வால்வுகள் கொண்ட இந்த 2.5 லிட்டர் எஞ்சின் நடு ஆர்பிஎம்மில் உழைக்கப் பிறந்தது. 5,500-ஐத் தாண்டியதும் அதற்கும் சலிப்பு, நமக்கும் சலிப்பு. ஏற்றத்தில் லாரியை முந்த வேண்டியிருந்தால் கியரைக் குறைத்துவிட்டு, எதிரே நீண்ட இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போன கார்களில் கம்ப்ரஷன் 9.5, திறன் 143 குதிரைத்திறன் மட்டுமே; அங்கிருந்து இறக்குமதியான காரைப் பார்க்கிறவர்கள் இதையும் மனத்தில் கொள்வது நல்லது.

பராமரிப்பில் இரண்டுக்கும் பொதுவான தலைவலிகள் உண்டு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும் அவற்றில் முதன்மையானவை. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பேலன்ஸ் பெல்ட் அறுந்தால் அதன் துண்டுகள் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்தான் சுழற்றுகிறது, ஆகவே மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எஞ்சினின் மின்னணுப் பெட்டிக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே என்ற சிறு பெட்டியின் உள்ளே சால்டர் செய்த இணைப்பு விரிசல் விட்டு, கார் நடுவழியில் காரணமே இல்லாமல் நின்றுவிடுவதும் இந்தக் காரின் பழைய பழக்கம். புதிய ரிலே ஒன்றைக் கையோடு வைத்திருப்பது உரிமையாளர்களின் வழக்கம். கிளட்ச் மாற்றுவது இரண்டிலுமே பெரிய வேலை. கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் அதையும் எக்ஸாஸ்ட்டையும் இறக்கி, டார்க் டியூபைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச்சை அணுக முடியும்.

டர்போவில் இந்த வேலைகள் எல்லாமே சற்று நீளும். எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் அந்தக் குழாயும் அதன் நட்டுகளும் ஆண்டுக்கணக்காகச் சூட்டில் வெந்தவை. ஒரு ஸ்டட் உடைந்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். இன்டேக் குழாய்களுக்கு அடியில் கிடக்கும் வெற்றிடக் குழல்கள் கல்லாய் இறுகி விரிசல் விடுகின்றன. அதனால் பூஸ்ட் சரியாக ஏறாதபோது, அனுபவமில்லாத மெக்கானிக் டர்போவையே குற்றம் சொல்லி மாற்றச் சொல்வார். ஹெட் கேஸ்கெட் பலவீனமானது, குறிப்பாகப் பூஸ்ட்டைக் கூட்டி ஓட்டிய கார்களில். சாதாரணக் காரை வாங்கச் சேர்த்த பணத்தை முழுவதும் போட்டு விலை குறைந்த டர்போ ஒன்றைப் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டுத் தீனிக்குக் கடன் தேடுவதுபோல ஆகிவிடும். சாதாரணக் கார் மட்டும் சாதுவென்று இதற்குப் பொருளில்லை. அதன் ஆயில் கூலரின் சீல்கள் கெட்டுப்போனால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து ரேடியேட்டர் தொட்டியில் குழம்பாகத் திரண்டு நிற்கும். அதைக் கழுவி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். காற்றால் குளிரும் கூலர் உள்ள டர்போவுக்கு இந்தத் தொல்லை மட்டும் கிடையாது.

டர்போவைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் சேசிஸ் எண். சாதாரண 944-இல் 94 என்று வரும் இடத்தில் டர்போவுக்கு 95 என்று இருக்கும். இல்லையென்றால் அது யாரோ பின்னர் மாற்றிச் செய்த கார். கார் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். உரிமையாளர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஆர்பிஎம் காட்டியின் அடிப்பகுதியில், சாதாரணக் காரில் பெட்ரோல் சிக்கனம் காட்டும் முள் இருக்கும் இடத்தில், டர்போவில் பூஸ்ட் முள் இருக்கிறது. அது காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவது. எஞ்சின் ஓடாதபோது 1-இல் நிற்கும். முழு அழுத்தத்தில் ஒன்றே முக்காலை நெருங்கும். இதை அறியாத விற்பனையாளர் ஒருவர் தன் காரில் 1.7 பார் பூஸ்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது 0.7, தொழிற்சாலை வைத்த அளவேதான். முள் அதையும் தாண்டிப் போனால் மின்னணுச் சிப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய சிப் கையில் இருக்கிறதா, கலவையைச் சரிபார்த்தார்களா என்று விசாரிக்க வேண்டும். சோதனை ஓட்டம் முடிந்து எஞ்சினை அணைத்த பிறகு உடனே பேச்சில் இறங்காமல் காது கொடுத்து நில்லுங்கள். கூலன்ட் பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் சில நொடிகளுக்குக் கேட்க வேண்டும். அது கேட்காத காரில் டர்போவின் பேரிங் எவ்வளவு காலமாகச் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. முடிந்தால் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, சக்கரத்தின் இறக்கை சுவரில் உரசினால் அல்லது உரசிய தடம் தெரிந்தால் டர்போவைப் பிரித்துச் சீரமைக்கும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து குழப்புவது 1989 மாடலான 944 எஸ்2. மூன்று லிட்டர், பதினாறு வால்வு, 211 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர், உச்ச வேகம் 240. வெளித்தோற்றத்திலும் டர்போவின் வழுவழுப்பான மூக்கையே இதற்கும் கொடுத்துவிட்டார்கள். டர்போவின் தொடக்க காலத் திறனை ஏறக்குறைய எட்டிவிடுகிறது, காத்திருப்பும் இல்லை. இதைத்தான் வாங்க வேண்டும் என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம் மட்டும் உண்டு: இரண்டு கேம்ஷாஃப்ட்களை இணைக்கும் சங்கிலியின் டென்ஷனர் தேய்ந்து, கவனிக்காமல் விட்டால் கேம்ஷாஃப்ட்டையே உடைத்துவிடும். அதைத் திறந்து பார்த்ததற்கான ரசீது இருந்தால் எஸ்2-ஐத் தயங்காமல் வாங்கலாம். அதே ஆண்டில் சாதாரண 944-உம் 2.7 லிட்டருக்கு உயர்ந்தது. குதிரைத்திறன் 165 என்று காகிதத்தில் இரண்டே கூடியிருந்தாலும், கீழ் ஆர்பிஎம்மில் அதன் இழுப்பு நன்றாகவே தெரிகிறது. ஓராண்டு மட்டுமே வந்ததால் பலரின் கண்ணில் படுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான். தானே கையில் ஸ்பானர் பிடித்து, வார இறுதிகளில் மட்டும் ஓட்டி, முதல் முறையாகப் பழைய கார் ஒன்றை வைத்துக்கொள்ளப்போகிறவர் சாதாரண 944-ஐ வாங்கட்டும். கிடைத்தால் 2.7, இல்லையென்றால் டேஷ்போர்டு மாறிய 1985 நடுப்பகுதிக்குப் பிந்தைய 2.5. மிச்சமாகும் பணத்தைப் பெல்ட்டுகளுக்கும் சஸ்பென்ஷன் புஷ்களுக்கும் செலவிட்டால், பராமரிக்காத டர்போவைவிட அந்தக் கார் வளைவுகளில் நன்றாக ஓடும். நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர், அல்லது பந்தயத் தடத்தில் அவ்வப்போது ஓட்ட நினைப்பவர், பிரேக்குக்காகவும் டார்க்குக்காகவும் டர்போவின் பக்கம் போவதே சரி. ஆனால் தடத்தில் ஓட்டினால் இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் இந்த எஞ்சின் குடும்பம் முழுவதற்குமே பலவீனமான இடம் என்பதை மறக்காமல் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

டர்போக்களிலும் 1988-இன் டர்போ எஸ் 250 குதிரைத்திறன் கொண்டது. அதே எஞ்சின் 1989 முதல் எல்லா டர்போக்களுக்கும் வந்துவிட்டது. சேகரிப்பவர்கள் எஸ் என்ற எழுத்துக்காகக் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஓட்டுவதற்காக வாங்குகிறவர் அந்த எழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் 1989 டர்போ ஒன்றையோ, ஒரே உரிமையாளரிடம் இருந்து, சிப் மாற்றாமல், ரசீதுகள் கோப்பாகச் சேர்த்து வைக்கப்பட்ட 220 குதிரைத்திறன் டர்போ ஒன்றையோ எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் கேட்டால் பின்னதையே எடுப்பேன். அப்படி ஒன்று விற்பனைக்கு வரும் வரை என் சாதாரண 944-ஐ விற்கப்போவதில்லை.